பகல் பதினொரு மணிக்கு யார் வருவார்கள்? சென்னைக்கு வெளியே ஊர் தேடிய ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

2023 டிசம்பர் 4 ஆம் தேதி காலை, பெரம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டில் தண்ணீர் கட்டில் காலின் பாதிவரை ஏறிவிட்டது. மிக்ஜாம் புயலின் மழை. என் மாமியாரை நாற்காலியில் உட்காரவைத்து, நானும் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி மாடி வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. மூன்றாம் இரவு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அத்தையின் இரத்த அழுத்த மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது கணவர் சொன்னார்: "இனி இங்கே வேண்டாம். ரயில் போகும் ஊராகப் பார்த்து வெளியே போய்விடலாம்."

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்குள் ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அதில் பாதிக் காலம் வீணாய்ப் போனது, நான் தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்ததால். அலுவலகத்தில் இப்போது மூன்று பேர் இதே யோசனையில் இருக்கிறார்கள், மூவரும் முதலில் கேட்பது "எவ்வளவு நேரப் பயணம்?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். ஆனால் தினமும் நகரத்துக்குப் போய் வருகிறவருக்கு அந்த ஊர் இராத்தங்கல் மட்டுமே. பகலெல்லாம் அங்கே வாழப்போகிறவர்கள் வேறு. அவர்கள் கேள்வியிலிருந்து தொடங்கினால் தேடல் எப்படி மாறிப்போகிறது என்பதைத்தான் இங்கே விரிவாகப் பதிவு செய்கிறேன்.

முதல் அட்டவணை

வீட்டில் ஐந்து பேர். நான் பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் வேலை. கணவர் நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறார். பெரும்பாலும் வீட்டிலிருந்துதான், வாரம் இரண்டு நாள் கடைகளுக்குப் போக வேண்டியிருக்கும். அப்போது மகள் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அத்தைக்கு 71 வயது. முழங்கால் வலியும் சர்க்கரையும் உண்டு. சேமிப்பு 14 லட்சம் ரூபாய். 15 லட்சத்துக்கு மேல் கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

பாரிமுனையில் வேலை பார்ப்பதில் ஒரு சாதகம் இருக்கிறது. கடற்கரை ரயில் நிலையம் நடக்கும் தூரம். பஸ் ஏறினால் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகம். வடக்கே கும்மிடிப்பூண்டி, மேற்கே அரக்கோணம், தெற்கே செங்கல்பட்டு என்று மூன்று புறநகர்த் தடங்களும் எனக்குத் தோதானவை. தாம்பரம், கூடுவாஞ்சேரி, ஆவடி, திருநின்றவூர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டோம். அவை நகரமாகிவிட்டன, விலையும் நகரத்து விலை. தெருக்கோடியில் வயல் தெரிய வேண்டும், ஆனால் ரயில் நிற்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் தடத்துக்கு ஒன்றாக மூன்று ஊர்கள் தேறின: வடக்கே பொன்னேரி, மேற்கே திருவாலங்காடு, தெற்குத் தடத்தின் காஞ்சிபுரக் கிளையில் பழையசீவரம்.

நான் ஓர் அட்டவணை போட்டேன். தூரம், ரயில் நேரம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி, சீசன் டிக்கெட் செலவு, மனை விலை. பொன்னேரி சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர், ஒரு மணிநேரச் சொச்சம். திருவாலங்காடு 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஒன்றரை மணிநேரத்துக்கு மேல். பழையசீவரம் கடற்கரையிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு மணிநேரத்தைத் தாண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பொன்னேரிதான் முதலிடம்.

அட்டவணையைச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்: "எல்லாம் சரி அம்மா. நீ காலையில் போனால் இராத்திரி வருகிறாய். இவன் கடைக்குப் போயிருக்கும் நாளில், பகல் பதினொரு மணிக்கு நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்தால் இந்த ஊரில் யார் வருவார்கள்?"

அதற்கு அட்டவணையில் இடமே இல்லை. மனை விலை நீங்கலாக மற்ற நான்கு கட்டமும் நான் ஒருத்தி ரயிலில் போய்வருவதைப் பற்றியவை. அன்றிரவு வேறொரு தாளை எடுத்து, ஒவ்வொருவரும் தத்தம் பகல் பொழுதைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மகள் கேட்டது, சைக்கிளில் தனியாகப் பள்ளிக்குப் போக முடியுமா என்பது. மகனுக்குப் பந்து விளையாட இடம் வேண்டும். கணவருக்கு இணையத் தொடர்பும், மழை நாளில் அறுந்துபோகாத மின்சாரமும். அத்தைக்குத் தண்ணீர், மருத்துவர், பேச்சுத்துணை. எனக்கு மிஞ்சியது ஒன்றே: இரவு எட்டரை மணிக்கு நிலையத்தில் இறங்கி வீடுவரை நடந்து வரும் தெரு.

பருப்பு வேகவில்லை

பொன்னேரியில் எனக்குப் பிடிக்காதது எதுவுமில்லை. வட்டாட்சியர் அலுவலகம், அரசுக் கல்லூரி, மருத்துவமனை, நல்ல கடைத்தெரு என்று வட்டத் தலைநகருக்கு உரிய எல்லாம் உண்டு. எங்களுக்குக் காட்டிய மனைகள் ஊருக்குக் கிழக்கே, பழவேற்காடு செல்லும் பாதையின் பக்கம் இருந்தன. காற்று அருமை.

அத்தையிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் 5 லிட்டர் கேனை எடுத்து வருவார். மனைக்குப் பக்கத்தில் யார் வீட்டிலாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கேட்டு வாங்கி, பெரம்பூருக்குக் கொண்டுவந்து அதில் ஓர் ஆழாக்குத் துவரம்பருப்பை வேகவைப்பார். ஒரே பருப்பு, ஒரே பாத்திரம், குக்கர் கிடையாது. பொன்னேரித் தண்ணீரில் போட்ட பருப்பு முக்கால் மணிநேரம் கொதித்தும் விரலுக்கு நெறுநெறுத்தது. வாயில் வைத்தால் இலேசாக உப்புக் கரித்தது.

அது தற்செயல் இல்லை. பொன்னேரியை அடுத்த மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்த கதை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகிறது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு வடிநிலத்தின் நீரைச் சென்னையின் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்குமாக உறிஞ்ச உறிஞ்ச, கடல் உள்ளே நகர்ந்தது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010 இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்ததையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். பொன்னேரி முழுவதும் உப்பு என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு மேற்கே நல்ல தண்ணீர் உள்ள வீடுகளையும் பார்த்தோம், விலைதான் எட்டவில்லை. பருப்புச் சோதனையோடு நிறுத்தாமல் மாதிரியைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கும் கொடுத்தோம். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை ஏற்கலாம். எங்கள் மாதிரி அந்த மேல் எல்லையை நெருங்கியிருந்தது. அத்தையின் ஆழாக்கு சொன்னதைத்தான் ஆய்வகமும் சொன்னது.

பொன்னேரியை முழுவதுமாகக் கைவிடும் முன்பே இன்னொரு பாடமும் கிடைத்தது. 2024 அக்டோபர் 11 ஆம் தேதி இரவு, பொன்னேரிக்கு அடுத்த நிலையமான கவரைப்பேட்டையில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மைசூரு தர்பங்கா எக்ஸ்பிரஸ் மோதியது. நல்ல வேளை, உயிரிழப்பு இல்லை. ஆனால் தடம் சீராகும்வரை அந்தப் பக்கம் லோக்கல் வண்டிகள் தடுமாறின. ரயிலை நம்பி ஊர் மாறுகிறவர்கள், அந்த ரயில் ஓடாத நாளில் எந்தப் பஸ்ஸில் எத்தனை மணிநேரம் ஆகும் என்று ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும். அதன் பிறகு ஒவ்வோர் ஊரிலிருந்தும் ஒரு தடவை பஸ்ஸிலேயே திரும்பினோம்.

பழையசீவரத்தின் அழகு

மூன்றில் என் மனம் பறிபோனது பழையசீவரத்தில்தான். குன்றின்மேல் நரசிம்மர் கோயில். கீழே பாலாற்றுடன் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். அக்கரையில் திருமுக்கூடல். அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த மருத்துவமனையைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. ஆதுலர் சாலை என்று அதற்குப் பெயர். 15 படுக்கைகள், ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முன் இந்த ஆற்றங்கரையில் ஒருவர் வழுக்கி விழுந்தால் யார் வருவார்கள் என்பதற்கு ஓர் ஏற்பாடு இருந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னபோது அத்தை வெகுநேரம் பேசாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் இனித்தது, பருப்பு மலர்ந்து வெந்தது, விலையும் எங்கள் கைக்குள் இருந்தது. ஆனால் செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் அந்தக் கிளை ஒற்றைத் தடம். வண்டிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மாலை வண்டியைத் தவறவிட்டால் செங்கல்பட்டில் இறங்கி, பஸ் பிடித்து, இரவு பத்து மணிக்கு வீடு சேர வேண்டும். ஒரு வாரம் பெரம்பூரிலிருந்தபடியே அந்தக் கணக்கில் வாழ்ந்து பார்த்தேன்: காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது, இரவு ஒன்பதே முக்காலுக்கு முன் வீட்டுக்குள் நுழைவதில்லை என்று. மீதி நேரத்தை நூலகத்திலும் கடற்கரை நிலைய பெஞ்சிலும் கழித்தேன். நான்காம் நாள் மகன் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை அந்தப் பரிசோதனையை நிறுத்தினேன். இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். புது ஊரின் பயண நேரத்தைப் பழைய வீட்டில் இருந்துகொண்டே ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள். பத்திரப் பதிவுக்கு முன் செலவில்லாமல் கிடைக்கும் ஒரே ஒத்திகை அது.

அந்தப் பக்கம் தரகர்கள் சொல்லும் இன்னொரு பேச்சும் என்னை உறுத்தியது. பரந்தூரில் விமான நிலையம் வரப்போகிறது, இரண்டு வருடத்தில் விலை எங்கேயோ போய்விடும் என்பார்கள். 2022 இல் அந்த அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஏகனாபுரம் மக்கள் தங்கள் வயலும் ஏரியும் போகக் கூடாதென்று போராடி வருகிறார்கள். ஓர் ஊர் எதை இழக்கிறோம் என்று அழுகிறதோ, அதையே இலாபமாகக் காட்டி எனக்கு மனை விற்கப் பார்த்தார்கள். என்னால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

திருவாலங்காட்டில் நிலையமும் ஊரும்

திருவாலங்காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த தலம், நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை. அரக்கோணம் லோக்கல் வண்டிகள் நிற்கும். தண்ணீரும் நன்று. ஆனால் ரயில் நிலையத்துக்கும் கோயிலைச் சுற்றிய ஊருக்கும் இடையே நான்கைந்து கிலோமீட்டர் இருக்கிறது. பகலில் ஷேர் ஆட்டோ கிடைத்தது. இரவு ஒன்பது மணிக்கு ஒரு நாள் வேண்டுமென்றே இறங்கிப் பார்த்தேன். கணவர் இருசக்கர வண்டியோடு காத்திருந்ததால் வீடு திரும்பினோம். அவர் ஒவ்வோர் இரவும் அப்படி வர வேண்டுமென்றால் அத்தையும் பிள்ளைகளும் ஒவ்வோர் இரவும் தனியாக இருக்க வேண்டும். விளம்பரங்களில் "ரயில் நிலையத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று போடுகிறார்கள். யாருடைய பத்து நிமிடம், எதில் ஏறினால், எந்த நேரத்தில் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடம்பத்தூரில் இறங்கியது

2024 ஜூன் மாதம், மூன்றாம் முறையாகத் திருவாலங்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேலை நாள், மகளிர் பெட்டியில் கூட்டம் குறைந்திருந்தது. எதிரே இருவர் மல்லிகையைக் கூடையில் கொட்டிச் சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருவள்ளூர் தாண்டியதும் அத்தை என் கையைப் பிடித்து, அவசரம், அடக்க முடியாது என்றார். சர்க்கரை நோயாளிகளுக்கு இது எப்படிப்பட்ட அவஸ்தை என்று உடனிருப்பவர்களுக்குத் தெரியும். அடுத்து நின்ற இடம் கடம்பத்தூர். இறங்கி, தெருவுக்கு வந்து, கதவு திறந்திருந்த முதல் வீட்டின் முன் நின்றோம்.

திண்ணையில் ஓர் அம்மாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அத்தையின் முகத்தைப் பார்த்தார். என்ன, ஏது என்று கேட்கவில்லை. முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "உள்ளே வாருங்கள் அம்மா, பின்பக்கம் இருக்கிறது. படி ஒன்று உயரம், சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்."

திரும்பி வந்ததும் மோர் கொடுத்தார். அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்துவிட்டார். மணி பதினொன்றே கால். நான் தாளில் எழுதிவைத்திருந்த கேள்விகளுக்கெல்லாம் அந்த முறத்தின் முன் விடை வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கு எந்த வழியாகப் போகிறார்கள், எந்தத் தெருவில் மழைத்தண்ணீர் நிற்கும், திருவள்ளூருக்கு எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ், சர்க்கரை மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் யார் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார், போன மாதம் எதிர்வீட்டுப் பெரியவர் மயங்கி விழுந்தபோது எந்த ஆட்டோக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். திருவள்ளூரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு இரவில் சென்னைக்கு ஓட வேண்டியிருப்பதில்லை என்றும் சொன்னார்.

எங்கள் பட்டியலில் இல்லாத ஊர் அது. கோபுரமோ ஆற்றங்கரையோ பார்த்து மயங்குகிற மாதிரி எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் 1856 இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இந்தத் தடத்தில்தான் போனது. தண்டவாளத்துக்கு இவ்வளவு பழகிய ஊர்களில் நிலையமும் கடைத்தெருவும் வீடுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இரவில் இறங்குகிற பெண்ணுக்கு அந்த நெருக்கம் பெரிய காவல்.

ஒரு நல்ல மனுஷியை வைத்து ஓர் ஊரை எடைபோட முடியாது என்று கணவர் சொன்னார். அவர் சொன்னது சரி. அதனால் மேலும் நான்கு தடவை போனோம். ஒரு முறை இரவு ஒன்பது மணி வண்டியில். ஒரு முறை பள்ளி விடும் நேரத்தில். அக்டோபர் 2 ஆம் தேதி கிராம சபை நடக்கும்போது ஓரமாய் நின்று கேட்டோம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. வாக்காளர் அல்லாதவர் பேச முடியாவிட்டாலும் காது கொடுக்கலாம். தரகர் மறைக்கும் எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் அங்கே உரக்கச் சொல்வார்கள். தெருவிளக்கு, குப்பை, எந்த மேட்டுத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் ஏறவில்லை என்பது வரை இரண்டு பக்கம் குறித்துக்கொண்டேன்.

நான்காவது பயணம் அக்டோபர் 15 மழைக்கு மறுநாள். வாடகைக்கு இரண்டு வீடுகள் பேச்சில் இருந்தன. ஒன்று வாடகை குறைவு, அறைகள் பெரியவை, புதிதாக வெள்ளையடித்தது. ஆனால் புது வெள்ளை தரையிலிருந்து மூன்றடி உயரம் வரைதான். இரும்புக் கதவின் கீழ்க் கீல் துருவேறிப் பொரிந்திருந்தது, மேல் கீல் பளபளத்தது. மின்மீட்டர் பெட்டியைப் பழைய ஆணித் தடத்திலிருந்து இரண்டு முழம் மேலே தூக்கி மாட்டியிருந்தார்கள். தெருக்கோடி வரை நடந்து பார்த்தோம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் போகும் கால்வாய் அந்த வீட்டின் பின்சுவரை ஒட்டி வளைந்தது. இன்னொரு வீடு சிறியது, மேட்டுத் தெருவில் இருந்தது. அதையே எடுத்தோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. பார்த்த ஊர்களில் எல்லாம், வீட்டு வாடகையைப் பற்றிப் பேசும் முன் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்ட வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். எங்களுக்குச் சாதகமான விடையாக இருந்திருந்தாலும் சொல்வதில்லை, அந்த வீட்டை எடுப்பதில்லை என்று நானும் கணவரும் முன்பே பேசிவைத்திருந்தோம். அப்படி ஏழு வீடுகளை விட்டோம். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீட்டில் என் பிள்ளைகள் வளர்வதை நான் விரும்பவில்லை.

காகிதங்கள்

நகரத்துக்கு வெளியே மனை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். ஒரு மனைப்பிரிவில் எங்களிடம் முன்பணம் வாங்கிய தரகர், அங்கீகாரம் "வந்துகொண்டிருக்கிறது" என்றார். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு 2016 அக்டோபர் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் புதிதாக மனையைப் பதிய முடியாது. அந்தத் தேதிக்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கும், அவற்றை வரன்முறைப்படுத்த 2017 இல் வந்த திட்டமும் உண்டு. ஆக, கேட்க வேண்டியது "முதல் பதிவு எந்தத் தேதி?" என்பது. வில்லங்கச் சான்றை 30 ஆண்டுகளுக்குப் போட்டுப் பார்த்ததும் அந்த மனையின் முதல் பதிவு 2019 என்று தெரிந்தது, அதாவது விலக்குக்குள் அது வராது. முன்பணத்தில் பாதி திரும்பவில்லை.

வேறொரு இடத்தில் கூட்டுப் பட்டா. நான்கு அண்ணன் தம்பிகளில் இருவர் மட்டும் விற்க வந்தார்கள். மற்றொன்றில் பட்டா சரி, நில அளவை வரைபடமான புலப்படத்தில் அளந்தால் கால்வாய்ப் புறம்போக்கு உள்ளே வந்தது. ஏரி, கால்வாய், மேய்க்கால் என்று ஊரின் பொதுச் சொத்து எங்கெங்கே இருக்கிறது என்பதைக் கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள அ-பதிவேட்டில் பார்த்துவிட்டுத்தான் மனைக்குள் கால் வைக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்து எங்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தது: முதலில் பதினொரு மாதம் வாடகைக்கு இருப்பது, வாங்குவதை அப்புறம் பார்ப்பது.

குடிவந்த பிறகு

2025 ஜூன் தொடக்கத்தில், பள்ளி திறக்கும் வாரம் குடிவந்தோம். மாற்றுச் சான்றிதழும், பள்ளிக் கல்வித்துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் எமிஸ் எண்ணும் கையில் இருந்ததால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் சேர்க்கை முடிந்தது. காலை ஏழு மணிக்கு நான் கிளம்புகிறேன். திரும்ப இரவு எட்டரை. பெரம்பூரில் இருந்ததைவிட நாளுக்கு இரண்டு மணிநேரம் கூடுதலாக ரயிலில் போகிறது. அது எனக்கு இழப்புதான். பேசின் பிரிட்ஜுக்கு முன் வண்டி சும்மா நிற்கும் நிமிடங்களில் அந்த இழப்பு உடம்பில் தெரியும். மகள் முதல் மூன்று மாதம் தோழிகள் இல்லாமல் தவித்தாள். ஞாயிறுதோறும் பெரம்பூர் போக வேண்டும் என்று அழுதாள். மகன் இரண்டாம் நாளே செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான். இதுவரை நான்கு ஜோடி.

அத்தை விழுந்தார். ஆகஸ்ட் மாதம், கணவர் கடைக்குப் போயிருந்த நாளில், துணி துவைக்கும் கல்லருகே. ஆனால் பதினொரு மணிக்கு அல்ல, பிற்பகல் மூன்று மணிக்கு, தெருவே கண்ணயரும் நேரத்தில். பின்கட்டு தெருவுக்குத் தெரியாது. கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் அப்படியே கிடந்திருக்கிறார். சுவரைத் தாண்டி விழுந்த பந்தை எடுக்க வந்த பையன்தான் பார்த்தான். அவன் ஓடிப்போய்ச் சொன்னதும் வந்தவர்கள் தையல் கடைக்காரரும் மாவு அரைத்து விற்கும் அக்காவும் முருங்கைக் கீரை அம்மாளும். நான் திருவள்ளூர் மருத்துவமனைக்கு ஓடி வந்து சேர்ந்தபோது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு, மூன்று பேர் சூழ உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஊர் சரியாக இருந்தும் வீட்டின் பின்கட்டு எங்களைக் கைவிட்டது. மறுநாள் துவைக்கும் கல்லுக்கு அருகே, உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் ஓர் அழைப்புமணி பொருத்தினோம். அது மாவு விற்கும் அக்கா வீட்டில் ஒலிக்கும்.

வாடகை ஒப்பந்தத்தை இன்னொரு பதினொரு மாதத்துக்குப் புதுப்பித்திருக்கிறோம். மேட்டுத் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி 1,200 சதுர அடியில் ஒரு மனை விலைக்கு வந்திருக்கிறது. அங்கீகாரம் இருக்கிறது, வில்லங்கம் இல்லை, பட்டா உட்பிரிவு செய்ய வேண்டும். சனிக்கிழமை நில அளவையர் வருகிறார். அந்த மனைக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கேன் தண்ணீர் கொண்டுவரும்படி அத்தை மகனிடம் சொல்லியிருக்கிறார். துவரம்பருப்பு ஓர் ஆழாக்கு, மேல் தட்டில் தனியாக எடுத்துவைத்தாயிற்று.